நிகழாமற்போன பேரழிவு: 2000 ஆம் ஆண்டு பிறந்த இரவும் அதன் பின்னரும்

இன்றைய இளைஞர்கள் பலரிடம் 'வை2கே' என்று சொன்னால் அது என்னவென்று தெரியாமல் விழிப்பார்கள். தெரிந்தவர்களிலும் கணிசமானோர், கணனி நிறுவனங்கள் பணம் பறிப்பதற்காகக் கட்டிவிட்ட கதை என்றே அதனை நினைக்கிறார்கள். 1999 டிசெம்பர் 31 நள்ளிரவில் உலகின் கணனிகள் திகதியைத் தவறாகப் புரிந்துகொண்டு செயலிழக்கும், மின்சாரம் தடைப்படும், வங்கிகள் முடங்கும், விமானங்கள் தடுமாறும் என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கப்பட்டது. நள்ளிரவு வந்தது, கடந்து போனது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

அந்த 'எதுவும் நடக்கவில்லை' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நடந்த அழிவை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பார்கள். தடுக்கப்பட்ட அழிவையோ ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். செய்தித் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இதனை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதனாலேயே இந்தக் கதையைச் சற்று விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

இரண்டு இலக்கங்களின் கதை

பிரச்சினையின் வேர் கணனியை விடவும் பழையது. அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஹேர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கெடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். அவற்றின் வழித்தோன்றலாக 1928 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட அட்டையில் 80 எழுத்துகளுக்கே இடமிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கணக்கிலக்கம், தொகை யாவும் அந்த 80 இடங்களுக்குள் அடங்கவேண்டும். அந்த நெருக்கடியில் 1965 என்று நான்கு இலக்கங்களை எழுதுவதிலும் பார்க்க 65 என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வது சிக்கனமாகத் தோன்றியது. கணனிகள் வந்த பின்னரும் நினைவகம் மிகுந்த விலையுள்ள பொருளாகவே பல ஆண்டுகள் இருந்தமையால் அந்த வழக்கம் தொடர்ந்தது.

எனவே இதனை மடமை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராகவிருந்த அலன் கிரீன்ஸ்பான் 1998 இல் செனட் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தபோது, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தாமும் கணனி நிரல்கள் எழுதியதாகவும், ஆண்டின் முதலிரு இலக்கங்களைத் தவிர்த்து இடத்தை மிச்சப்படுத்தியதில் பெருமைப்பட்டதாகவும், அந்த நிரல்கள் சில ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கும் என்று நினைத்தும் பார்க்கவில்லை என்றும் கூறினார். ஆனால் அவை நிலைத்தன. பழைய நிரலின் மீது புதிய நிரல் ஏறியது. எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். எழுதப்பட்டவை வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் ஓடிக்கொண்டேயிருந்தன.

விளைவு எளிமையானது. 1940 இல் பிறந்த ஒருவரின் வயதை 1999 இல் கணனி கணிக்கும்போது 99 இலிருந்து 40 ஐக் கழித்து 59 என்று சரியாகச் சொல்லும். அடுத்த ஆண்டு 00 இலிருந்து 40 ஐக் கழிக்கவேண்டி வரும். விடை சைபருக்குக் கீழே 40. ஓய்வூதியம், வட்டி, காப்புறுதி, மருந்தின் காலாவதித் திகதி என்று ஆண்டைக் கொண்டு கணிக்கப்படும் எல்லாமே இந்தக் கழித்தலில் சிக்கியிருந்தன.

எச்சரித்தவர்கள்

எச்சரிக்கை கடைசி நேரத்தில் வந்ததன்று. எழுத்துகளைக் கணனியில் குறிப்பதற்கான ஆஸ்கி முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான பொப் பீமர், 1971 ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எழுதினார். 1979 இலும் எழுதினார். இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்கின்றனவே என்று எவரும் பொருட்படுத்தவில்லை.

அறிகுறிகளும் தென்படத் தொடங்கின. 1992 இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் வகுப்பில் சேருமாறு அழைப்பு வந்தது. கணனி அவரது வயதை 4 என்று கணித்திருந்தது. பலர் சிரித்தார்கள். 1993 செப்டெம்பரில் 'கம்பியூட்டர்வேர்ல்ட்' இதழில் கனடாவைச் சேர்ந்த பீற்றர் டி ஜாகர் எழுதிய கட்டுரைதான் முதன்முதலாகப் பரந்த கவனத்தை ஈர்த்தது. 1997 இல் மிச்சிகன் மாநிலத்தின் உணவுப்பொருட் கடையொன்று, 2000 ஆம் ஆண்டில் காலாவதியாகும் கடனட்டைகளைத் தேய்த்தவுடன் தனது காசுப்பதிவு இயந்திரங்கள் நின்றுவிடுவதாகக் கூறி வழக்குத் தொடர்ந்தது. அதற்குப் பிறகு இதனைக் கற்பனை என்று தள்ளிவிட முடியவில்லை.

ஆயத்தங்கள்

1998 பெப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டன் இதற்கென ஒரு சபையை அமைத்து ஜோன் கொஸ்கினன் என்பவரைத் தலைவராக நியமித்தார். அதே ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஆராய்ந்தனர். 1999 இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் சர்வதேச ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அமெரிக்க மத்திய அரசு மட்டும் ஏறத்தாழ 8.5 பில்லியன் டொலரைச் செலவிட்டது. அந்நாட்டின் தனியார் துறையையும் சேர்த்தால் செலவு சுமார் 100 பில்லியன் டொலர் என்று மதிப்பிடப்பட்டது. உலகளாவிய செலவு 300 முதல் 600 பில்லியன் டொலர் வரை ஆகலாம் என்பது கார்ட்னர் நிறுவனத்தின் மதிப்பீடாக இருந்தது.

அணுவாயுதங்களைப் பற்றிய அச்சம் எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. எச்சரிக்கைக் கணனி தவறான சமிக்ஞை கொடுத்து, அதை எதிரியின் தாக்குதல் என்று மற்றவர் நம்பிவிட்டால் என்ன செய்வது? இதற்காக ரஷ்ய இராணுவ அதிகாரிகள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள விமானப்படைத் தளமொன்றுக்கு அழைக்கப்பட்டு, அமெரிக்க அதிகாரிகளுடன் ஒரே அறையில் அமர்த்தப்பட்டனர். பனிப்போரில் அரை நூற்றாண்டு எதிரெதிராக நின்றவர்களை இரண்டு இலக்கங்கள் அருகருகே உட்கார வைத்தன.

தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. பழைய நிரல்களிற் பெரும்பாலானவை கோபோல் என்ற மொழியில் எழுதப்பட்டிருந்தன. மேற்கு நாடுகளில் அதனை அறிந்தவர்கள் போதாமையால் வேலை இந்தியாவுக்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கோபோல் கற்றார்கள். இலட்சக்கணக்கான வரிகளைப் படித்து, திகதி வரும் இடங்களையெல்லாம் தேடித் திருத்துவதே அவர்களின் பணி. 1998 இல் அமெரிக்கா, தேர்ச்சி பெற்ற வெளிநாட்டவருக்கான வருடாந்த விசாக்களின் எண்ணிக்கையை 65,000 இலிருந்து 115,000 ஆக உயர்த்தியது. இன்று வட அமெரிக்காவில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் குடிபெயர்வு அந்த வேலையில்தான் தொடங்கியது.

அந்த நாள்

1999 டிசெம்பர் 31 ஒரு வெள்ளிக்கிழமை. கொழும்பு இறுக்கமான பாதுகாப்பில் இருந்தது. டிசெம்பர் 18 இல் நகர மண்டபத்தருகே நடந்த தற்கொலைத் தாக்குதலில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க காயமடைந்து உயிர்தப்பியிருந்தார். 21 ஆம் திகதி தேர்தல் முடிந்திருந்தது. நான் அன்று செய்திப் பிரிவில் கடமையில் இருந்தேன். கணனிகள் என்னவாகின்றன என்பதைப் பார்ப்பதற்காக மாலை முழுவதையும் ஒதுக்கி வைத்திருந்தோம்.

நாங்கள் காத்திருந்த செய்திக்கு முன்னர் வேறு செய்திகள் வந்தன. கொழும்பு நேரப்படி பிற்பகல் 3 மணியளவில் ரஷ்ய ஜனாதிபதி போரிஸ் யெல்ட்சின் பதவி விலகுவதாக அறிவித்தார். அணுவாயுதப் பொறுப்பு புட்டின் என்ற, அதிகம் அறியப்படாத ஒருவரின் கைக்கு மாறியது. கந்தஹாரில் ஒரு வாரமாகப் பணயமாக வைக்கப்பட்டிருந்த இந்திய விமானப் பயணிகள் அன்றுதான் விடுவிக்கப்பட்டனர். முன்பக்கம் நிறைந்துவிட்டது.

மாலை 5 மணிக்கு நியூசிலாந்தில் புத்தாண்டு பிறந்தது. அங்கே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பின்னர் சிட்னியின் வாணவேடிக்கை, பின்னர் டோக்கியோ. ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு நாடு கடந்தது. செய்தி நிறுவனங்கள் 'பிரச்சினை எதுவுமில்லை' என்ற ஒரே வாக்கியத்தை ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தன.

நமது தீவில் அன்றைய நள்ளிரவு இரண்டு தடவை வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். மின்சார நெருக்கடி காரணமாக 1996 இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்நகர்த்தியிருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலோ பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. எனவே கொழும்பில் 2000 பிறந்து அரை மணித்தியாலம் கழித்தே வன்னியில் அது பிறந்தது. மின்சாரம் போய்விடும் என்று உலகம் நடுங்கிய அந்த இரவில், வன்னி மக்கள் பல ஆண்டுகளாக மின்விநியோகம் இல்லாமலே வாழ்ந்து கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயும் மின்கலங்களும் கூடப் பொருளாதாரத் தடையால் அரிதாகியிருந்தன. கணனி அழிந்துவிடும் என்ற அச்சம், கணனியை நம்பி வாழும் வசதி பெற்றவர்களின் அச்சம் என்பது அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நிம்மதியும் நிதானமும்

மறுநாட் காலையில் உலகம் பெருமூச்சு விட்டது. ஆனால் பொறுப்பிலிருந்தவர்கள் வெற்றி முழக்கம் செய்யவில்லை. ஜனவரி முதலாம் திகதி சனிக்கிழமை. அலுவலகங்களும் வங்கிகளும் பங்குச்சந்தைகளும் மூடியிருந்தன. உண்மையான சோதனை திங்கட்கிழமை, ஜனவரி 3 ஆம் திகதிதான் என்று கொஸ்கினன் போன்றோர் சொல்லிக்கொண்டிருந்தனர். அதன் பின்னர் பெப்ரவரி 29 இருந்தது. நூறால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு அன்று. நானூறால் வகுபட்டால் நெட்டாண்டு. இந்த இரண்டாவது விதியை அறியாத நிரலாசிரியர் எத்தனை பேரோ!

அவர்களின் நிதானம் நியாயமானது. தவறுகள் நடந்தேயிருந்தன, பெரிதாக வெடிக்கவில்லை என்பதே உண்மை. ஜப்பானின் ஷிகா அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் உபகரணம் செயலிழந்தது. மக்களுக்கு ஆபத்து எதுவும் ஏற்படவில்லை. அமெரிக்காவின் ஒற்றுச் செய்மதிகள் அனுப்பிய தரவுகளைத் தரையிலுள்ள கணனிகளால் சில மணித்தியாலங்கள் படிக்க முடியவில்லை. அந்நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைப் பேணும் கடற்படை வானாய்வகத்தின் இணையத்தளம் ஆண்டை 19100 என்று காட்டியது. நியூயோர்க் மாநிலத்தில் திரைப்பட நாடாவைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற ஒருவருக்கு நூறு ஆண்டுத் தாமதத்துக்காக 91,250 டொலர் தண்டம் காட்டப்பட்டது. பெப்ரவரி 29 இல் ஜப்பானியத் தபாலகங்களின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல நின்றுபோயின.

இவற்றை நின்று விசாரிக்க நமக்கு அவகாசம் இருக்கவில்லை. ஜனவரி 5 ஆம் திகதி கொழும்பில் குமார் பொன்னம்பலம் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. நடந்தவற்றை எழுதவே பக்கங்கள் போதாத காலத்தில் நடக்காத ஒன்றுக்கு எவர் இடம் கொடுப்பார்?

ஏமாற்று வேலையா?

நிம்மதி, வெகுவிரைவில் ஏளனமாக மாறியது. பல பில்லியன் டொலரைக் கொட்டியது வீண் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவர்கள் முன்வைத்த வாதத்தில் வலுவான ஓர் அம்சம் இருந்தது. இத்தாலி, ரஷ்யா, தென்கொரியா போன்றவை அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் போல முன்கூட்டியே பெருஞ்செலவு செய்யவில்லை. ரஷ்யா, உக்ரேன் முதலிய நாடுகளிலிருந்து அமெரிக்கா தன் தூதரக ஊழியர்களில் ஒரு பகுதியினரை முன்கூட்டியே அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அச்சம் இருந்தது. அங்கும் விளக்குகள் அணையவில்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நான் அறிந்தவரையில் விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, அச்சத்தின் ஒரு பகுதி மிகையானதுதான். மின்நிலையங்களிலும் இயந்திரங்களிலும் பதிக்கப்பட்ட சில்லுகள் பெருமளவில் செயலிழக்கும் என்று அஞ்சப்பட்டது. அவற்றிற் பெரும்பாலானவை ஆண்டைப் பற்றிக் கவலைப்படுபவை அல்ல என்பது பரிசோதிக்கப் பரிசோதிக்கத் தெரியவந்தது. இரண்டாவது, உலகம் முழுவதும் ஒரு சில நிறுவனங்களின் மென்பொருளையும் வன்பொருளையுமே பயன்படுத்துகிறது. அமெரிக்க வங்கிகளின் நெருக்குதலால் ஒரு நிறுவனம் திருத்திக் கொடுத்த மென்பொருள் இத்தாலிக்கும் கொரியாவுக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தது. பின்தங்கித் தொடங்கியவர்கள் முன்னே சென்றவர்களின் உழைப்பில் பயனடைந்தார்கள். கணனியை அந்த அளவுக்கு நம்பியிராத நாடுகளில் கையால் எழுதும் பேரேடுகள் இன்னும் வழக்கில் இருந்தன.

ஆகவே எச்சரிக்கையில் மிகை இருந்தது; ஆபத்தும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வதே நேர்மையான மதிப்பீடு.

ஷெபீல்டில் நடந்தது

ஆபத்து உண்மையென்பதற்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கதையை. அங்கே ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் கணனி, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அவர்களின் வயதையும் கொண்டு, கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கக்கூடிய சாத்தியத்தைக் கணித்துக் கொடுத்து வந்தது. 2000 ஜனவரியிலிருந்து அக்கணனி தாய்மாரின் வயதைத் தவறாகக் கணித்தது. இயந்திரம் நிற்கவில்லை. திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் வழமைபோல் ஓர் எண்ணை அச்சிட்டுக் கொடுத்தது. மே மாதத்தில்தான் தவறு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் 154 பெண்களுக்குப் பிழையான முடிவு சென்றுவிட்டது. அபாயம் குறைவு என்று சொல்லப்பட்டுச் சிலர் மேலதிகப் பரிசோதனையின்றி இருந்தனர். உண்மை நிலை அவர்களுக்குப் பின்னரே தெரியவந்தது. தங்கள் வாழ்வின் மிக முக்கியமான தீர்மானமொன்றை எடுக்கவேண்டிய வேளையில் அவர்களின் கையில் இருந்தது பொய்யான எண். விசாரணை அறிக்கை 2001 இல் வெளியாயிற்று.

உலகம் எதிர்பார்த்தது நள்ளிரவு 12 மணிக்கு இருள் சூழும் ஒரு காட்சியை. தொலைக்காட்சிக் கமராக்களும் அதற்காகவே காத்திருந்தன. வந்த கேடோ காட்சியளிக்கவில்லை. எவரும் பார்க்காத ஓர் ஆய்வுகூடத்தில் ஐந்து மாதங்கள் ஓசையின்றி நடந்தது. உலகெங்கும் திருத்தப்படாமல் விட்டிருந்தால் இத்தகைய ஷெபீல்டுகள் எத்தனை நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, திருத்தியவர்களின் பணியின் பெறுமதி விளங்கும்.

தள்ளிவைக்கப்பட்ட கணக்கு

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அன்று எல்லா நிரல்களும் நான்கு இலக்கங்களுக்கு மாற்றப்படவில்லை. நேரமும் பணமும் போதாத இடங்களில் ஒரு குறுக்குவழி கையாளப்பட்டது. உதாரணமாக, 00 முதல் 19 வரையான எண்களை 2000 களாகவும் 20 முதல் 99 வரையானவற்றை 1900 களாகவும் கருதிக்கொள் என்று கணனிக்குச் சொல்லிவிடுவது. இது தீர்வன்று, தவணை. 2020 பிறந்தபோது சில இடங்களில் அந்தத் தவணை முடிந்தது; கணனிகள் மீண்டும் 1920 க்குப் போயின.

வேறு தடுமாற்றங்களும் தொடர்ந்தன. 2010 புத்தாண்டில் ஜேர்மனியில் சுமார் 30 மில்லியன் வங்கி அட்டைகளின் சில்லுகள் ஆண்டைப் படிக்க முடியாமல் திணறின. 2022 புத்தாண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள், திகதியைக் குறித்த எண் அளவுமீறிப் பெரிதானதால் மின்னஞ்சல்களை நிறுத்தி வைத்தது. 2024 பெப்ரவரி 29 இல் நியூசிலாந்தின் எரிபொருள் நிலையங்களில் தாமாகப் பணம் செலுத்தும் இயந்திரங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

அடுத்த பெரிய தவணையின் நாளும் நேரமும் கூடத் தெரியும். கணனிகள் பல, 1970 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எத்தனை விநாடிகள் கழிந்தன என்று எண்ணியே நேரத்தை அறிகின்றன. பழைய 32 பிற் முறையில் அந்த எண்ணிக்கை 2,147,483,647 க்கு மேல் போகமுடியாது. இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 ஆம் திகதி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியில் அது நிரம்பும். அடுத்த விநாடியில், திருத்தப்படாத கணனி 1901 ஆம் ஆண்டுக்குப் போய்விடும். புதிய கணனிகள் பெரும்பாலும் 64 பிற் முறைக்கு மாறிவிட்டன. ஆனால் தொழிற்சாலைகளின் மூலைகளிலும் சுவர்களின் உள்ளேயும் பதிக்கப்பட்டு மறக்கப்பட்டவை எத்தனையென்று எவரும் எண்ணி முடிக்கவில்லை.

எச்சரிக்கை பொய்த்தால்

'புலி வருகிறது' என்று பொய்க்குரல் கொடுத்த சிறுவனின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வை2கே அந்தக் கதையன்று. இங்கே புலி வந்தது. வேலி அடைத்திருந்ததால் திரும்பிப் போனது. ஆனால் வேலியைப் பார்க்காதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இது கணனியோடு முடிகிற விடயமன்று. 2004 டிசெம்பர் 26 இல் எச்சரிக்கை எதுவுமின்றி வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பின்னரே இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை அமைக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை ஒலித்தது. நமது கரையோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்நோக்கி ஓடினார்கள். அன்று பேரலை வரவில்லை. 'வீணாக ஓட வைத்தார்கள்' என்று சலித்துக்கொள்வது மனித இயல்பு. அந்தச் சலிப்பு அவநம்பிக்கையாகி, அடுத்த எச்சரிக்கையின்போது ஓடாமல் நிற்கவைத்தால் அதற்கான விலையை எவர் கொடுப்பது?

பெருமழையில் உடைந்த குளத்தைப் பற்றி நாம் பத்தி பத்தியாக எழுதுகிறோம். மாரிக்கு முன்னர் கட்டிலே மண் போட்டு, துருசைச் சரிபார்த்து, உடையாமற் காத்தவனைப் பற்றி எழுதுவதில்லை. 1999 இல் இரவு பகலாகப் பழைய நிரல்களின் வரிகளைப் படித்துத் திருத்திய பல இலட்சம் பேர் அத்தகையவர்கள். அவர்களுக்கு எவரும் சிலை வைக்கவில்லை. மாறாக, ஏமாற்றுக்காரர் என்ற பெயரே பலருக்கு எஞ்சியது. அன்றைய நிம்மதி அவர்கள் உழைத்துத் தந்தது. 2038 க்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. பொப் பீமர் 1971 இல் எழுதியபோதும் அவகாசம் இருக்கத்தான் செய்தது.